எரிமலையில் ஒரு புரட்டாசிச் சனி

மொன்ட்ரியாலுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. தங்கச்சிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அவளுடைய மனிசன் பெரிய லொறி ஓட்டுகிறவர். கிழமையில் ஐந்து நாள் றோட்டில்தான் சீவியம். மகள் மதுரா காலையில் வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவாள். ஆறு கிழமைக்குச் சமைத்துப் போடவும் தங்கச்சியைக் குளிக்கவார்க்கவும் ஒரு ஆள் வேண்டும். அக்கா உயிரோடு இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவது? புறப்பட்டேன். இவரையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

இவர் என்றால் என்னுடைய வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாகச் சீனி வருத்தம், ஆறு வருடமாக இன்சுலின் ஊசி. பயணத்துக்கு முதல்நாள் டொக்டர் இவரை வெளியே இருத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள்ளை சாப்பிடவேணும் அம்மா. சாப்பிடாமல் விட்டால் சீனி இறங்கி ஆள் விழுந்திடுவார். பிறத்தி நாட்டிலை கவனம்." அந்தப் பேச்சைக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து மொன்ட்ரியால் வரைக்கும் வயிற்றில் சுமந்துகொண்டு போனேன். விமானத்தில் இவர் நித்திரையானால் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். முழித்திருந்தால் வியர்க்கிறதா என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"என்னைப் பிணமெண்டு நினைச்சீரோ? சும்மா சும்மா தடவிப் பாக்கிறீர்" என்று இவர் எரிந்து விழுந்தார். முன் சீற்றுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

மொன்ட்ரியால் விமான நிலையத்தில் ஊசிப் பையை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பனங்கிழங்கு ஒடியல் மாவில்தான் பிடித்தார்கள். கையுறை போட்ட ஒரு அதிகாரி அந்தப் பொதியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது என்ன தூள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். இவர் நிதானமாக, "மரம். கிழங்கு. காய்ந்தது. சூப்" என்று நாலு சொல்லில் பனையின் வரலாற்றையே சொல்லி முடித்தார். அதிகாரி பொதியைத் திறந்து மணந்தான். மணந்த வேகத்தில் மூடிக் கையில் தந்து, "போங்கள்" என்றான்.

தங்கச்சியின் வீடு ரொக்ஸ்பரோவில். அமைதியான தெரு. அப்படி ஒரு அமைதி எனக்குப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டில் யாரோ செத்துப்போனார்கள் போலிருக்கும். முதல் கிழமை முழுவதும் எனக்கு மூன்று பயம்: தங்கச்சி குளியலறையில் வழுக்கி விழுவாள், நான் அடுப்பை நிற்பாட்ட மறந்து புகை மணி அடிக்கும், இவருக்குச் சீனி இறங்கும். முதலாவது நடக்கவில்லை. இரண்டாவது நாலு தரம் நடந்தது. மீன் பொரித்தாலும் மணி, மிளகாய் தாளித்தாலும் மணி. மதுரா ஓடிவந்து துவாயால் விசிறுவாள்.

ஒருநாள் பிள்ளை ஆசையாகப் பூட்டின் என்று ஒரு சாப்பாடு வாங்கி வந்தாள். மொறுமொறு என்று பொரித்த உருளைக்கிழங்குக்கு மேல் பாலாடைக்கட்டியைப் போட்டு, இறைச்சிக் குழம்பை ஊற்றி நனைத்து வைத்திருந்தார்கள். "நனைக்கிறதெண்டால் ஏன் மினக்கெட்டுப் பொரிச்சவங்கள்?" என்று இவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பெட்டியில் கடைசியாகக் கிடந்ததை வழித்துத் தின்றவரும் இவர்தான். இறைச்சிக் குழம்பில் எவ்வளவு மா, உருளைக்கிழங்கில் எவ்வளவு சீனி என்று நான் அன்று பொழுதுபடும்வரை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் கிழமை மெற்றோவில் ஒரு கூத்து நடந்தது. பெட்டிக்குள் இவர் ஏறிவிட்டார், எனக்கு முன்னால் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு உள்ளே இவர், வெளியே நான். ரெயில் போயே போய்விட்டது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் நின்ற ஒரு கிழவி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். விளங்காமல் முழித்தேன். அவள் ஆங்கிலத்துக்கு மாறி, "என்னுடையவரும் இப்படித்தான், பயப்படாதே, அடுத்த நிறுத்தத்தில் நிற்பார்" என்றாள். நின்றார்தான். இறங்கிய இடத்திலேயே வாங்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தொலைந்தால் தொலைந்த இடத்திலேயே நிற்கிற மனிசன் என்று அன்றைக்கு எனக்கு ஒரு தைரியம் வந்தது. அந்தத் தைரியம் எவ்வளவு பிழை என்று பத்து நாளில் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை மதுராவுக்கு விடுமுறை. "பெரியம்மா, மலைக்குப் போவம். இலையெல்லாம் சிவப்பாகிட்டுது. வின்ரர் வந்தால் ஒண்டும் பாக்கேலாது" என்றாள். தங்கச்சியும் "நான் ஒரு ஆறு மணித்தியாலம் தனிய இருப்பன், போங்கோ அக்கா" என்று துரத்தினாள். நான் அவளைக் குளிக்கவார்த்து, கட்டுப் போட்டுக்கொண்டு வருவதற்குள் இவர் ஊசியும் போட்டு வெளிக்கிட்டு நின்றார். இவருடைய சாப்பாட்டுக் கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. சாப்பிட்டாயிற்று என்று நினைத்தேன். குளிர் என்று தங்கச்சியின் மனிசனுடைய தடித்த யக்கெற்றை மாட்டியிருந்தார். இவருடைய சொந்தக் கம்பளிச் சட்டைப் பையில் நான் எப்போதும் ஆறு தோடம்பழ இனிப்புப் போட்டு வைப்பேன். சீனி இறங்கினால் வாயில் போட. அந்தச் சட்டை கதிரையில் கிடந்ததைக் கண்டும் எனக்கு அது மூளையில் ஏறவில்லை.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு மலை என்றால் கீரிமலைதான். அங்கே கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது, மலை மட்டும் இல்லை. தட்டையான ஊரில் பிறந்த எனக்கு மோன் றோயல் என்ற அந்த மலையில் ஏறும்போதே காது அடைத்தது. உண்மையில் அது பெரிய மலையே இல்லையாம், மதுரா சிரித்தாள். காரை நிறுத்திவிட்டுக் காட்டுப் பாதையால் நடந்தோம். இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள், சிவப்பும் செம்மஞ்சளுமாக. அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

"பெரியம்மா, இது பழைய வொல்கானோ தெரியுமோ?" என்றாள் மதுரா.

"எரிமலையோ? அட கடவுளே, அதுக்கு மேலையோ எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனீ?"

அவள் என்னை ஒரு அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நிறுத்தி வாசித்துச் சொன்னாள். ஊரிலே எல்லாரும் எரிமலை என்றுதான் சொல்கிறார்களாம், ஆனால் அது சரியில்லையாம். பூமிக்குள்ளேயிருந்து நெருப்புக் குழம்பு மேலே வரப் பார்த்ததாம். வெளியே வர வழியில்லாமல் நிலத்துக்குக் கீழேயே ஆறிக் கல்லாகிவிட்டதாம். பிறகு எத்தனையோ கோடி வருடம் மழையும் பனிக்கட்டியும் மேலிருந்த மண்ணை அரித்துத் தள்ள, அந்தக் கருங்கல் மட்டும் மிஞ்சி மலையாக நிற்கிறதாம். பாதை ஓரத்தில் அந்தக் கல் வெளியே தெரிந்தது. கறுப்பாக, எண்ணெய் பூசினது போல. கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

பக்கத்திலே இன்னொரு பலகை. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவு போடக்கூடாது என்று படம் போட்டிருந்தது. இவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது அது வித்தியாசமாகப் படவில்லை.

மேலே ஒரு பெரிய கல் முற்றம். அங்கே நின்றால் முழு நகரமும், அதற்கப்பால் ஆறும் தெரிகிறது. சனம் நிறைந்த சனம். இவர், "நான் கொஞ்சம் நடந்திட்டு வாறன்" என்றார். கையில் ஒரு கடதாசிப் பை.

"தூரமோ?" என்றேன்.

"இல்லை, உதிலைதான்."

போனார். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன். வெயில் இதமாக இருந்தது. ஒரு மாதத்தில் ஒரு கவலையும் இல்லாமல் நான் நின்றது அந்தப் பத்து இருபது நிமிடம்தான். அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டுகிறேன்.

பன்னிரண்டு மணியாகிறது என்று சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். பாணும் சம்பலும் மூன்று பேருக்கு அப்படியே இருந்தது. அடியில் ஒரு துணித் துண்டில் சுற்றிய எள்ளு. எள்ளு எதற்கு? மதுராவின் கைப்பேசியில் தங்கச்சிக்கு அடித்தேன்.

"அத்தான் விரதமெல்லே அக்கா. புரட்டாசிச் சனி. என்னட்டைச் சோறும் எள்ளும் கேட்டு வாங்கினவர், காகத்துக்கு வைக்கவேணுமெண்டு. உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

"காலமை சாப்பிட்டவரோ?"

"காகம் சாப்பிடாமல் அவர் எப்பிடிச் சாப்பிடுவார்?"

எங்கள் வீட்டுக் குசினியில் நாட்காட்டி தொங்கும். நாளும் விரதமும் அதில் பார்த்துத்தான் எழும்புவேன். தங்கச்சியின் குளிர்ப்பெட்டிக் கதவில் தொங்குவது எந்த நாளில் எந்தக் குப்பை வாளி வைப்பது என்கிற அட்டை. அதைப் பார்த்துப் பார்த்துப் புரட்டாசி என்ற மாதமே எனக்கு மறந்து போய்விட்டது. இவருக்கு மறக்கவில்லை. இனி விரதம் பிடிக்கமாட்டேன் என்று டொக்டருக்கு முன்னால் தலையாட்டிய மனிசன், ஊசியைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு, ஒரு பிடி சோற்றையும் கொண்டு கனடாவில் காகம் தேடிப் போய்விட்டார். ஊசி போட்டு நாலரை மணித்தியாலம். பையில் இனிப்புமில்லை. இவருடைய கைப்பேசி வீட்டு வைஃபையில் மட்டும் வேலை செய்யும்.

"ஐயோ மதுரா, ஓடு!"

முற்றத்தைச் சுற்றி ஓடினோம். பின்பக்கம் மூன்று பாதை பிரிகிறது. எதில் போனார்? எங்கே போறியள் என்று நான் கேட்கவில்லையே. வெளிக்கிடுகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்று வளர்ந்தவள் நான். தூரமோ என்றுதான் கேட்பேன். நல்ல கேள்வி கேட்டேன்!

"இஞ்சாருங்கோ!" என்று மரங்களுக்குள்ளே கத்தினேன். "இஞ்சாருங்கோ!"

முன்னால் நடந்துகொண்டிருந்த இரண்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மலையில் அன்றைக்கு நாங்கள் மட்டும் தமிழர் இல்லை. அவர்களும் தங்கள் வீட்டிலே மனைவிமாருக்கு இஞ்சாருங்கோதான். ஒருவர் தன்னுடைய மனைவி கூப்பிடுகிறாளாக்கும் என்று அவளைத் தேடிக்கொண்டு போய்விட்டார். மற்றவர் ஒரு சின்னப் பிள்ளையைத் தோளில் வைத்திருந்தவர், என் முகத்தைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"என்ன அக்கா, ஆரைத் தேடுறீங்க?"

சொன்னேன். அழுதேன் என்றும் சொல்லவேண்டும். அவர் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் இருக்கிற மட்டக்களப்புக்காரர். பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையின் பையிலிருந்த பழச்சாற்றுப் பெட்டியை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எங்களோடு வந்தார். அதற்குள் மதுரா பூங்கா ஊழியர் ஒருத்தியைப் பிடித்துவிட்டாள். ஒல்லியான பெண், இடுப்பில் வோக்கிடோக்கி. பிரெஞ்சில் கேள்விகள். மதுரா மொழிபெயர்த்தாள். என்ன வயது? என்ன உடுப்பு? எந்தப் பக்கம் போனார்? பெயர் என்ன?

மதுரா என்னைப் பார்த்தாள். "பெரியம்மா, பெரியப்பாவின்ரை பேர் என்ன?"

பிள்ளையைக் குறை சொல்லமுடியாது. அவளுக்கு அவர் பெரியப்பா. ஊருக்கு மனேச்சர். தங்கச்சிக்கு அத்தான்.

நான் வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் அந்தப் பெயரை எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன்; கூப்பன் அட்டையில், விசாப் படிவத்தில். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டாலும் எழுதிய துண்டைத்தான் நீட்டுவேன். வாயால் சொன்னதில்லை. சொன்னால் புருசனுக்கு ஆயுள் குறையும் என்பார்கள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சொல்லிப் பார்க்கிற துணிவு வரவில்லை. இப்போது ஆயுள் குறையும் என்று பயந்து நின்றால் ஆளே போய்விடும்.

"சபாரத்தினம்" என்றேன்.

ஊழியப் பெண் "சபா... சபா..." என்று வோக்கிடோக்கியில் தடுமாறினாள். பிறகு என்னிடம், "நீங்களே கூப்பிடுங்கள், உங்கள் குரலைத்தான் அவருக்குத் தெரியும்" என்றாளாம், மதுரா சொன்னாள்.

மேலே எங்கேயோ ஒரு காகம் கரைந்தது. எங்களூர்க் காகத்தைவிடத் தடித்த குரல். இவர் அதன் பின்னால்தான் போயிருப்பார் என்று எனக்குப் பட்டது. பாதையை விட்டு இறங்கக்கூடாது என்று அந்தப் பெண் கத்தக் கத்த, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் ஏறினேன். காய்ந்த இலை வழுக்கியது. இரண்டு தரம் முழங்காலடிபட விழுந்தேன். மட்டக்களப்புத் தம்பி கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"சபாரத்தினம்! சபாரத்தினம்!"

வாங்கோவும் இல்லை, போங்கோவும் இல்லை. வெறும் பெயர். அந்த மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

மூன்றாம் தரமோ நாலாம் தரமோ, மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மெலிந்த சத்தம், பள்ளிக்கூடப் பிள்ளையின் சத்தம் போல.

"ஓமம்மா. வாறன்."

ஒரு கருங்கல் பாறையில் சாய்ந்து கிடந்தார். முகமெல்லாம் வியர்வை, உதடு வெளிறியிருந்தது. எழும்பப் பார்க்கிறார், கால் கேட்கவில்லை. முன்னால் சோற்றுப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. மூன்று அணில்கள் சோற்றைத் தின்றுகொண்டிருந்தன. பழச்சாற்றுப் பெட்டியின் குழாயை இவருடைய வாய்க்குள் வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டேன். குடித்தார். பாதி நெஞ்சில் சிந்தியது. ஊழியப் பெண் வந்து பக்கத்தில் குந்தி இவருடைய கையைப் பிடித்து நாடி பார்த்தாள். வோக்கிடோக்கியில் அம்புலன்ஸ் கேட்டாள். பிறகு சிந்திக் கிடந்த சோற்றைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அதை அள்ளி ஒரு பைக்குள் போட்டுக் கட்டினாள். "மெர்சி" என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

பத்து நிமிடம். என் வாழ்க்கையிலேயே நீளமான பத்து நிமிடம். பிறகு இவருடைய கண்ணில் ஆள் வந்தது. என்னைப் பார்த்தார்.

"காகம் சாப்பிட்டுதோ?"

"காகம் உங்களைச் சாப்பிடப் பாத்துது. பேசாமல் வாயைத் திறவுங்கோ!"

பாணைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினேன். அம்புலன்ஸ்காரர்கள் மேலே ஏறி வந்து விரலில் குத்திப் பார்த்தார்கள். இனிப் பிரச்சினையில்லை, ஆனால் இன்னும் ஒரு பத்து நிமிடம் பிந்தியிருந்தால் வேறு கதை என்று மதுராவிடம் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்கள். அந்த வேறு கதையை மதுரா மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. மட்டக்களப்புத் தம்பியிடம் நன்றி சொல்லப் போனால், "அதெல்லாம் என்னத்துக்கு அக்கா, அண்ணனக் கவனமாப் பாருங்க" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

காரில் நானும் இவரும் பின் சீற்றில். இவருடைய கையை விடாமல் பிடித்திருந்தேன். பிள்ளை கண்ணாடியில் பார்க்கிறாள் என்று தெரிந்தும் விடவில்லை.

பாதி வழியில் இவர், "மேலை பேர் சொல்லிக் கூப்பிட்டது ஆர்?" என்று கேட்டார்.

"வேறை ஆர்? நான்தான்."

"நான் அம்மா எண்டு நினைச்சன்."

இவருடைய தாய் போய் இருபத்தெட்டு வருடம்.

"அவ போனாப் பிறகு ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை" என்றார். சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். மெல்லமாக, "இன்னொருக்காக் கூப்பிடுமன்" என்றார்.

மலையில் வந்த நாக்கு இப்போது வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. "இனிமேல் விரதம் பிடிக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ. கூப்பிடுறன்" என்றேன்.

இவர் யோசித்தார். இரண்டு சிக்னல் விளக்குத் தாண்டியது.

"புரட்டாசியிலை இன்னும் ஒரு சனிதான் கிடக்கு" என்றார்.

"சபாரத்தினம்!"

கார் அதிரக் கத்திவிட்டேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஓம்" என்றார்.